புதிதாகக் குடிவந்த வட்டாரத்தில் பாட்டுக்கூடல் தொடங்குவது எப்படி?

ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் குடும்பங்கள் ஆளுக்கொரு தேசத்திலிருந்து வந்திருக்கும். எதிரில் பார்த்தால் தலையசைப்பார்கள், லிஃப்டில் வழிவிடுவார்கள், அதோடு சரி. வருடக்கணக்கில் அப்படியே போய்விடும். இதற்கிடையில் வாடகை ஏறும், பழைய ஆட்கள் காலி செய்வார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். யார் யாரென்று தெரிந்துகொள்வதற்குள் முகங்கள் மாறிவிடும். இப்படிப்பட்ட ஒரு பகுதிக்கு நீங்கள் புதிதாக வந்திருந்தால், அக்கம்பக்கத்தாரோடு பழக நாட்டுப்புறப் பாட்டைப் போலக் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மொழி சரியாக வராதவரும் தாளம் போடலாம். எங்கே வேலை, எப்போது வந்தீர்கள், விசா என்ன ஆயிற்று என்ற கேள்விகள் இல்லாமல் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காரலாம்.

நீங்கள் பாடகராக இருக்க வேண்டியதில்லை. வாத்தியம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்: நடத்தப்போவது கச்சேரி இல்லை, கூடல். கச்சேரியில் பாடுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் மறுபக்கம். முடிந்ததும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்தவர் பாட்டைத் தட்டுத்தடுமாறி நாமும் பாடிப் பழகுகிற இடத்தில்தான் உறவு உண்டாகிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாமே இதை ஒட்டியவை.

1. ஏற்கெனவே என்ன ஒலிக்கிறது என்று கேளுங்கள்

புதிதாக வந்தவர் முதலில் செய்ய வேண்டியது, தொடங்குவது இல்லை, காது கொடுப்பது. உங்களுக்கு முன்பே அங்கே பாட்டு இருந்திருக்கும். அது தெரியாமல் நீங்கள் ஒன்றை ஆரம்பித்தால், இருப்பதை ஓரங்கட்டியதாகத்தான் முடியும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மார்கஸ் கார்வி பூங்கா இருக்கிறது. அங்கே 1969 முதல் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் முரசு வாசிப்பவர்கள் வட்டமாகக் கூடி வாசித்து வந்தார்கள். 2000-களின் பிற்பகுதியில் பூங்காவை ஒட்டிய புதிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வசதியானவர்கள் குடிவந்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று புகார்கள் கிளம்பின. வாசிப்பவர்களைப் பூங்காவுக்குள்ளேயே வேறு இடத்துக்கு நகர்த்தும்படி ஆயிற்று. நாற்பது வருடமாக ஒலித்த முரசு, புதிதாக வந்தவரின் காதில் இரைச்சலாக விழுந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து யாராவது ஒரு சனிக்கிழமை கீழே இறங்கிப்போய் வட்டத்தில் நின்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனவே சில வாரங்கள் சும்மா நடந்து பாருங்கள். விடுமுறை நாள் மாலையில் பூங்காப் பக்கம் போங்கள். வழிபாட்டுக் கூடங்களில் தொழுகையோ பூசையோ முடிந்து மக்கள் வெளியே வரும்போது கவனியுங்கள். கல்யாண மண்டபம், நூலகத்தின் அறிவிப்புப் பலகை, புதியவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, முதியோர் கூடும் நிலையம், சலூன் ஆகிய இடங்களில் விசாரித்தால் பாடுகிறவர்கள் பற்றிய தகவல் நிச்சயம் கிடைக்கும். சலூன்காரருக்குத் தெரியாத பாட்டுக்காரர் அந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார். பேருந்தில் வாத்தியப் பெட்டியோடு ஒருவர் ஏறினால், அது என்ன வாத்தியம் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரைப் பார்ப்பது அரிது.

2. மூன்று பேரைப் பிடியுங்கள்

தொடக்கத்துக்கு மூன்று பேர் போதும். மூவரும் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் நல்லது. ஒருவருக்குப் பழைய பாட்டுகள் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்குத் தாளம் நிற்க வேண்டும், இன்னொருவருக்கு ஆட்களைக் கூட்டிவரும் சாமர்த்தியம் இருக்க வேண்டும். மூன்றாமவர்தான் கிடைப்பது கடினம். பெரும்பாலும் அவர் பாடவே மாட்டார், ஆனால் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடியவராக இருப்பார்.

பழைய பாட்டு தெரிந்தவர் பெரும்பாலும் ஒரு பாட்டியாகத்தான் இருப்பார். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அவரிடம் "உங்கள் நாட்டுப் பாட்டு ஒன்று பாடுங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரு நாட்டையே தோளில் சுமந்துகொண்டு யாரால் பாட முடியும்? "சின்ன வயதில் உங்களைத் தூங்கவைக்க யார் பாடினார்கள்?" என்று கேளுங்கள். "கல்யாணத்தில் பெண்கள் சேர்ந்து என்ன பாடுவார்கள்?" என்று கேளுங்கள். ஆள், இடம், நேரம் மூன்றும் நினைவுக்கு வந்தால் பாட்டு தானாக வரும். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று பாடிவிடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் சரி. நம் ஊர் ஆராரோவை நான்கு வரி பாடிக் காட்டினால், எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் பாதி போய்விடும்.

3. எந்தப் பாட்டில் தொடங்குவது?

ஒருவர் முன்னே பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் பாட்டுகளில் தொடங்குங்கள். படகு தள்ளுவது, கதிரடிப்பது, நாற்று நடுவது, தானியம் இடிப்பது என்று உடம்பு சேர்ந்து அசைய வேண்டிய வேலை எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் இந்த வகைப் பாட்டு இருக்கிறது. திருப்பிப் பாடும் பகுதி சின்னது, மாறாதது. மொழி தெரியாதவரும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்வார். வட்டமாகச் சுற்றி ஆடும் பாட்டுகளும் இதே அளவுக்கு உதவும். கும்மி தட்டத் தெரிந்தவருக்குப் பால்கன் நாடுகளின் வட்ட ஆட்டத்தில் நுழைவது பெரிய காரியமில்லை. கையைக் கோத்துக்கொண்டு காலைக் கவனித்தால் போதும்.

தாலாட்டு மூன்றாவது வாரம் வரட்டும். அது தனிக்குரல் பாட்டு, பாடுகிறவர் கொஞ்சம் நெகிழ்ந்துதான் பாடுவார். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அந்த நெகிழ்ச்சி முதல் நாளே வராது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சடங்கில் மட்டும் பாடப்படும் பாட்டு, இறந்தவருக்காகப் பாடும் பாட்டு, குறிப்பிட்ட குழுவினர் மட்டுமே பாட உரிமை உள்ள பாட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்காதீர்கள். ஒப்பாரியை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பயிற்சி செய்ய நாமே ஒப்ப மாட்டோம் இல்லையா? அவர்களாக விரும்பிக் கொண்டுவந்தால் வேறு. அப்போது பேசாமல் கேட்பதுதான் சரி.

4. இடம், நேரம், நாற்காலி

நேரத்தை மாற்றாதீர்கள். ஒரே கிழமை, ஒரே மணி, ஒரே இடம். குடியேறி வந்தவர்களில் பலருக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று வாரம் வர முடியாமல் போகும். நான்காவது வாரம் வரும்போது அதே நேரத்தில் அதே கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் திரும்பி வருவார்கள். வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் இருமுறை என்று வையுங்கள். "வசதிப்படும்போது கூடுவோம்" என்று வைத்தால் கூடல் நடக்காது.

நூலக அறை, பள்ளிக்கூடத்தின் மாலை நேர வகுப்பறை, சமூகக்கூடம் எதுவும் ஆகும். வழிபாட்டுத் தலத்தின் கூடத்தில் வாடகை இல்லாமல் கிடைக்கலாம். ஆனால் வேற்று மதத்தவர் தயங்குவார்கள். பொது இடம் கிடைக்குமானால் அதுவே மேல். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வாசலுக்கு அருகில் சில நாற்காலிகள் வெளிவட்டமாக இருக்கட்டும், உள்ளே வரத் தயங்குபவர் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். மைக், ஸ்பீக்கர் வேண்டாம்.

இதில் இரண்டு மரபுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஒன்று, ஐரிஷ் செஷன். அயர்லாந்தில் வீட்டுக்குள்ளும் நாற்சந்திகளிலும் ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்ட இசை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டட வேலைக்காக லண்டன் வந்த ஐரிஷ் தொழிலாளிகள், கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பக்கத்துப் பப்களில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் செஷன் என்ற வடிவம் பெரிதும் இப்படிப் புலம்பெயர்ந்த இடத்தில் உருவானதுதான். அதற்கு எழுதாத முறைகள் உண்டு. ஒரு மெட்டை மூன்று முறை சுற்றி, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தெரியாத மெட்டு வந்தால் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேட்பார்கள். போரான் என்ற தோல்வாத்தியம் ஒன்று ஒலிக்கும்போது இரண்டாவது ஆள் அடிக்க யோசிப்பார். எல்லாரும் மேசையைப் பார்த்து உட்கார்வதால், கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இன்னொன்று மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியிலிருந்து வந்த ஃபந்தாங்கோ என்ற ஆட்டமும் பாட்டும் சேர்ந்த கூடல். நடுவில் தாரிமா என்ற மரப்பலகை மேடை ஒன்று தாழ்வாக இருக்கும். அதன் மேல் ஆடுகிறவர்களின் காலடிதான் முரசு. சுற்றி ஹரானா என்ற சிறிய கிட்டார் போன்ற நரம்பு வாத்தியக்காரர்கள் நிற்பார்கள். கைதேர்ந்தவர்கள் பலகைக்கு அருகில், கற்றுக்கொள்பவர்கள் வெளிவரிசையில். ஒருவர் ஓரடி பாட, இன்னொருவர் அதற்குப் பதிலாக அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். இரவு முழுக்கப் போகும். 2008 முதல் இதையே அமெரிக்காவின் சான் டியேகோவுக்கும் மெக்சிகோவின் டிஹுவானாவுக்கும் நடுவில் இருக்கும் எல்லை வேலியின் இருபுறமும் ஆட்கள் நின்றுகொண்டு நடத்தியிருக்கிறார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பாட, இந்தப் பக்கம் பதில் வரும். உங்கள் கூடலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வெளிவரிசை. கற்றுக்கொள்பவருக்கென்று ஓர் இடம் வட்டத்திலேயே இருக்க வேண்டும்.

5. சுருதி சேர்ப்பது

முதல் சிக்கல் இங்கேதான் வரும். ஸ்காட்லாந்தின் பேக்பைப் என்ற ஊதுவாத்தியம் வைத்திருப்பவர் "ஏ" என்று சொல்லும் சுரம் 470 ஹெர்ட்ஸுக்கும் மேலே இருக்கும். கிட்டார்காரருடைய "ஏ" 440. ஸ்டீல்பேன் என்ற கரீபிய உலோக வாத்தியம், அக்கார்டியன், ஆர்மோனியம் மூன்றையும் உட்கார்ந்த இடத்தில் சுருதி மாற்ற முடியாது. பாட்டியோ இவை எதற்கும் ஒத்துவராத கீழ்ச்சுருதியில் பாடுவார்.

விதி ஒன்றுதான்: குரலுக்கு வாத்தியம் இறங்கி வர வேண்டும். பாடுகிறவரை முதலில் தனியாகப் பாடவிடுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அதுவே அன்றைய சட்ஜம். நரம்பு வாத்தியக்காரர் அதைத் தேடிப்பிடித்து ஒற்றைச் சுரமாக, தம்பூரா போல மீட்டிக்கொண்டே இருக்கட்டும். கிட்டார்காரர்களுக்கு உடனே கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) பிடிக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. அரபு, துருக்கி, பாரசீக இசையில் நம் பன்னிரண்டு சுரஸ்தானத்துக்குள் அடங்காத இடங்கள் உண்டு. ராஸ்த் என்ற அரபு மகாமில் (நம் ராகம் போன்றது) வரும் காந்தாரம், நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் உட்காரும். ஊத் என்ற நரம்பு வாத்தியத்தில் வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாது என்பதால் விரல் அந்த இடத்துக்குச் சுலபமாகப் போகும். கீபோர்டிலோ கிட்டாரிலோ அந்தச் சுரம் இல்லை. அவர்கள் கார்டு போட்டவுடன் பாடுகிறவர் தன் காந்தாரத்தை விட்டு அவர்களுடையதற்கு நகர்ந்துவிடுவார். பாட்டின் உயிரே அந்த ஒரு சுரத்தில் இருந்திருக்கும். அப்படிப்பட்ட பாட்டுகளுக்குச் சுருதியும் தாளமும் மட்டும் போதும். கர்நாடக இசையோ கோயில் நாதஸ்வரமோ கேட்டு வளர்ந்த காது உங்களுடையது என்றால், இந்த நுணுக்கம் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

6. தாளம் பிடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எண்ணிக்கை சொல்லித் தாளம் கற்பித்தால் முகங்கள் இறுகிவிடும். சொற்கட்டில் சொன்னால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

மாசிடோனியாவில் லெஸ்நோட்டோ என்றொரு ஆட்டம். அதன் தாளம் ஏழு: மூன்று, இரண்டு, இரண்டு. "தகிட தக திமி" என்று சொல்லிப் பாருங்கள். நம் மிஸ்ர சாபு தாளத்தில் இருக்கும் அதே ஏழு. பல்கேரியாவின் ராச்செனிட்சாவும் ஏழுதான், ஆனால் மூன்று கடைசியில் வரும்: "தக திமி தகிட". துருக்கி, கிரேக்கப் பகுதிகளின் கர்ஷிலமா ஒன்பது: "தக திமி தக தகிட". கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் கைதட்டும்போது அடிக்கடி காதில் விழுவது எட்டு: "தகிட தகிட தக".

வட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். முதலில் யாரும் வாத்தியத்தைத் தொடக்கூடாது. எல்லாரும் ஒன்றாக மெதுவாகச் சொல்லட்டும்: தகிட தக திமி, தகிட தக திமி. பத்துப் பன்னிரண்டு சுற்று. அப்புறம் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கைதட்டல்: த, த, தி. மூன்று தட்டு, முதல் தட்டு மட்டும் கொஞ்சம் நீளம். அடுத்து வாயால் சொல்வதை நிறுத்திவிட்டுத் தட்டலை மட்டும் தொடருங்கள். இந்த இடத்தில் பாதிப் பேர் தடம் மாறி எட்டுக்குப் போய்விடுவார்கள், ஒரு தட்டு உபரியாக விழும். கவலை வேண்டாம், மறுபடியும் வாயில் சொற்கட்டைக் கொண்டுவாருங்கள். பிடி கிடைத்ததும் காலை அசைக்கச் சொல்லுங்கள், நீளத் தட்டுக்கு ஒரு காலடி, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு காலடி. அதன் பிறகுதான் மாசிடோனியக்காரர் தன் பாட்டைத் தொடங்க வேண்டும். பாட்டு தாளத்தின் மேல் வந்து உட்காரும் அந்தக் கணத்தில் வட்டத்தில் இருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். இதற்காகவே நான் இந்த வேலையைச் சலிக்காமல் செய்வேன்.

7. வரிகள்

பாட்டு வரியை அவரவர் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். தமிழர் தமிழில், அரபு தெரிந்தவர் அரபியில், ஒலியை மட்டும். கூடவே பொருளை ஒரே வரியில். முழுப் பாட்டையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மாலை போய்விடும். உச்சரிப்பு பிசகினால் பாட்டின் சொந்தக்காரர் திருத்தட்டும், மற்றவர்கள் திருத்த வேண்டாம்.

8. உரசல்கள் வரும்

ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போரில் எதிரெதிர் அணியில் இருந்த குடும்பங்கள் ஒரே தெருவில் வந்து குடியிருக்கலாம். ஒருவருக்கு ஊர்ப் பாட்டாக இருப்பது இன்னொருவருக்குப் படையினர் பாடிக்கொண்டு வந்த பாட்டாக இருக்கும். கொடிகள் வேண்டாம், "இது எங்கள் பாட்டு, அவர்கள் திருடியது" என்ற வழக்கும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு இடையில் ஒரே மெட்டு பல மொழிகளில் பாடப்படுவது சர்வசாதாரணம். யார் முதலில் என்பதைக் கூடலில் தீர்க்க முடியாது. இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் பாடிவிடுங்கள்.

வாத்தியங்களுக்கும் வரலாறு இருக்கிறது. பறையை நாம் அறிவோம். அதை அடித்தவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கிவைத்த சமூகம் நம்முடையது. இன்று அதே பறையைத் தன்மானத்தின் அடையாளமாகக் கையில் எடுத்து வாசிக்கிறார்கள். ஐரோப்பாவில் ரோமா இனத்து இசைக்கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக ஊரார் வீட்டுக் கல்யாணங்களில் வாசித்தும், ஊராரோடு சமமாக நடத்தப்படாமல் வாழ்ந்தவர்கள். எனவே "ஆகா, என்ன துள்ளல்!" என்று ஒரு வாத்தியத்தைக் கொண்டாடும்போது, அதை வாசிக்கிறவருக்கு அது என்னவாக இருக்கிறது என்று அவரையே பேசவிடுங்கள். அடுத்த முறை கூடலின் திட்டத்தை முடிவுசெய்யும் இடத்திலும் அவர் இருக்க வேண்டும். வாசிக்க மட்டும் கூப்பிட்டால், பழைய அநியாயத்தையே புதிய ஊரிலும் தொடர்கிறோம்.

சில மரபுகளில் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னிலையில் பாட மாட்டார்கள். சிலர் மத நம்பிக்கையால் நரம்பு வாத்தியத்தைத் தவிர்ப்பார்கள், தோல்வாத்தியமும் குரலும் அவர்களுக்குப் பிரச்சினையில்லை. வற்புறுத்தாமல், பெண்களுக்கு மட்டுமான ஒரு கூடல், வாத்தியமில்லாத ஒரு கூடல் என்று அவ்வப்போது வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடல்களில் வெளிவரும் கல்யாணப் பாட்டுகளை வேறெங்கும் கேட்க முடியாது.

9. சத்தமும் அனுமதியும்

பூங்காவிலோ தெருவிலோ வாசிக்க வேண்டுமானால் உள்ளூர் நிர்வாகத்தின் சத்த விதிகளையும் அனுமதி முறையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும். அறைக்குள் என்றால் முரசுக்குக் கீழே தடித்த விரிப்பு, சன்னல் மூடியிருக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்காரரிடம் முதல் கூடலுக்கு முன்பே நேரில் போய், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி, உங்கள் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். புகார் நிர்வாகத்துக்குப் போவதற்கு முன் உங்களுக்கு வரும். சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள், உச்சத்தில் இருந்தாலும்.

10. பதிவு, பெயர், பணம்

போனை எடுத்துப் பதிவுசெய்வது சுலபம். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கற்றுக்கொள்வதற்கு மட்டுமா, வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அகதியாக வந்தவர்களில் சிலருக்கு முகமும் குரலும் வெளியே போவதே ஆபத்து.

"நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்குச் சொந்தம்?" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பிழைப்புக்காக ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்த ஜூலு பாடகர் சாலமன் லிண்டா, தான் உருவாக்கிய "ம்பூபே" என்ற பாட்டை 1939-ல் பதிவுசெய்தார். அமெரிக்காவில் அதைக் கேட்டவர்கள் யாரோ எப்போதோ பாடிய ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். புதிய வரிகளோடு அது உலகம் முழுக்கப் பரவிப் பெரும் பணம் ஈட்டியது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்களுக்கு உரிமைத்தொகை கிடைக்க வழிசெய்யும் உடன்பாடு 2006-ல்தான் ஏற்பட்டது. உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே யாரிடம் கற்றது, அவர் யாரிடம் கற்றார், எந்த ஊர் என்று எழுதிவையுங்கள். வெளியே பாடும்போது அதைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

கூடலுக்கு வருவதற்குக் கட்டணம் வேண்டாம். ஆனால் பாட்டு சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒருவரை அழைத்தால் அவருக்குப் பணம் கொடுங்கள், பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். மாலை முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

11. வெளியே போவது

சில மாதங்கள் கழித்து யாராவது மேடை ஏறச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். வட்டம் உறுதியாக இருந்தால் மேடையும் நல்லதுதான். ரோம் நகரின் எஸ்குவிலினோ பகுதி, பல நாட்டவர் குடியேறி முகம் மாறிய இடம். அங்கே இருந்த அப்போலோ என்ற பழைய திரையரங்கு சூதாட்டக் கூடமாக மாறவிருந்தபோது, அதைத் தடுக்கச் சேர்ந்த குடியிருப்பாளர்களின் முயற்சியிலிருந்து 2002-ல் பியாஸ்ஸா விட்டோரியோ இசைக்குழு பிறந்தது. அந்தச் சதுக்கத்தைச் சுற்றிலும் பிற இடங்களிலும் தேடிச் சேர்த்த, பல கண்டங்களிலிருந்து வந்த கலைஞர்கள் அதில் வாசித்தார்கள்.

லண்டனின் நாட்டிங் ஹில் கதை இன்னும் பழையது. 1958-ல் அங்கே கரீபியக் குடியேறிகளைக் குறிவைத்து நடந்த இனவெறித் தாக்குதல்களுக்குப் பின், 1959 ஜனவரியில் பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் செயின்ட் பேங்கிராஸ் டவுன் ஹாலுக்குள் ஒரு கரீபியக் கார்னிவலை நடத்தினார். 1966-ல் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் வட்டாரத்துக் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா ஏற்பாடு செய்தார். அதில் வாசிக்க வந்த ரஸல் ஹெண்டர்சன், தன் ஸ்டீல்பேன் குழுவோடு நின்ற இடத்தை விட்டுத் தெருவில் நடக்கத் தொடங்கினார். மக்கள் பின்னாலேயே நடந்தார்கள். இன்று லட்சக்கணக்கானோர் கூடும் நாட்டிங் ஹில் கார்னிவலின் வேர் அந்த நடையில் இருக்கிறது. ஸ்டீல்பேனே ஒடுக்குமுறையிலிருந்து முளைத்த வாத்தியம். டிரினிடாடில் 1880-களில் பிரிட்டிஷ் ஆட்சி முரசுகளைக் கட்டுப்படுத்தியதும் மக்கள் மூங்கிலைத் தரையில் தட்டினார்கள். 1930-களில் தகர டப்பாக்களுக்கு மாறினார்கள், பிறகு எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டிச் சுரம் எடுத்தார்கள்.

முதல்முறை வெளியே போகும்போது நீங்களும் மேடையைத் தவிர்த்துத் தெருவில் நடந்தபடி பாடலாம். மேடைதான் என்றால், ஒவ்வொரு சமூகமும் தன் பாட்டைத் தான் பாடி இறங்குவது போலத் திட்டமிடாதீர்கள். சோமாலியப் பாட்டைப் போர்த்துக்கீசியரும் தமிழரும் சேர்ந்து பாடட்டும், சொல்லிக்கொடுத்தவர் நடுவில் நிற்கட்டும். கடைசிப் பாட்டுக்குக் கீழே இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடல் நடக்கும் கிழமையையும் இடத்தையும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

12. நீங்கள் இல்லாவிட்டாலும் நடக்க

மாறிக்கொண்டே இருக்கும் வட்டாரத்தில் யாரும் நிரந்தரம் இல்லை, நீங்களும் ஒருநாள் வீடு மாறிப் போவீர்கள். அதனால் முதல் வருடத்துக்குள்ளேயே பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். வட்டத்தைத் தொடங்கிவைப்பவர் வாரத்துக்கு வாரம் மாறட்டும். அறைச் சாவி இரண்டு வீடுகளில் இருக்கட்டும். பாட்டுக் குறிப்பேட்டுக்கு ஒரு நகல் எடுத்து நூலகத்திலோ சமூகக்கூடத்திலோ வையுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்குக் குறைந்தது மூன்று நிர்வாகிகள், மூவரும் வெவ்வேறு சமூகம். புதிதாக ஒருவர் வந்தால் அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதைப் போன வாரம் புதிதாக வந்தவரிடமே விட்டுவிடுங்கள். எங்கே தடுமாறும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.